எல்லாரும் சொல்லும்வரை

நான் கார்மென்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையிலேயே ஒருநாள் பிந்திவிட்டேன். நெடுங்கேணிச் சந்தியில் கம்பனி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்பது எங்கள் ஒழுங்கை முடக்கிலேயே கேட்டது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக ஒரு பெண் நின்றார். அவர் அப்படி நிற்கும்வரை சாரதி பஸ்ஸை எடுக்க முடியாது. சாரதி என்னவோ ஏசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மூச்சு வாங்க ஏறியதும், "வாறீரோ இல்லையோ எண்டு ஆரிட்டையாவது சொல்லிவிடும். சொல்லாட்டி நான் இறங்கித்தான் நிப்பன்," என்றார். அதில் கோபம் இல்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவரைப் பஸ்ஸில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அக்கா தண்ணீரூற்றில் தாயோடு இருந்தார். பஸ் அங்கிருந்துதான் வெளிக்கிடும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் என்று ஆட்களை ஏற்றி ஏற்றி, விடிந்து வெயில் வரும்போது எங்களைத் தொழிற்சாலை வாசலில் இறக்கும். அக்காவுக்கு அப்போது நாற்பதை நெருங்கிய வயது. கல்யாணம் செய்யவில்லை. நெடிய, ஒடிசலான உடம்பு. தலைமயிரை எப்போதும் ஈரத்தோடு பின்னியிருப்பார். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது தன் சம்பலை நீட்டி ஒவ்வொருத்தியிடமும் வேணுமோ என்று கேட்பார். தலையை ஆட்டினால் ஏற்கமாட்டார். "ஆட்டாதையும், சொல்லும்," என்பார். ஓம் என்றோ இல்லை என்றோ வாயால் சொல்லும்வரை கை நீட்டியபடியே இருக்கும். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். பிறகு பழகிவிடும்.

ஒருமுறை மேற்பார்வையாளர் எங்கள் லைனுக்கு வந்து, இன்றைக்கு எல்லாரும் மேலதிக நேரம் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மெஷினை நிறுத்தினார். எழுந்து ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கேட்டார். மாதமாக இருந்த ஒரு பிள்ளை மட்டும் என்ன சொல்வதென்று தெரியாமல் தைத்துக்கொண்டே இருந்தாள். நிற்கமாட்டேன் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயம். மேற்பார்வையாளர் திரும்பி வந்து என்ன முடிவு என்று கேட்டபோது, "அவள் இன்னும் சொல்லேல்லை, சேர்," என்றார் அக்கா. அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா அப்படியே நின்றார். கடைசியில் அந்தப் பிள்ளை ஏலாது என்று முணுமுணுத்தாள். அன்று அவளை நேரத்தோடு அனுப்பினார்கள்.

விளையாட்டைக் கொண்டுவந்தது ரஜனி. எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள், அக்காவின் ஊர்க்காரி, வாய்க்காரி. கைத்தொலைபேசியில் ஒரு கமம் செய்கிற விளையாட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வயல் கிடைக்கும். கொஞ்சப்பேர் சேர்ந்தால் ஒரு அயல். அயலுக்குப் பொதுவாக ஒரு குளம். குளத்துத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, ஆரைச் சேர்ப்பது, ஆரை விலக்குவது, எல்லாம் அயலில் இருக்கிறவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கவேண்டும். விளையாட்டை நடத்துகிறவர்கள் அதில் தலையிடமாட்டார்கள். ஒவ்வொரு போகமும் தொடங்கமுன் தண்ணீர்ப் பங்கைச் சொல்லி அயல் குளத்தின் மதகை, துருசை, திறக்கவேண்டும். திறக்காவிட்டால் அந்தப் போகம் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸில் வருகிற நாங்கள் எல்லாரும் ஒரு அயலாகச் சேர்ந்தோம். தலைவியைத் தெரிவுசெய்ய வேண்டிவந்தபோது அக்காவைத் தவிர வேறு பெயர் ஒருவரும் சொல்லவில்லை. அக்கா தன்னைத் தவிர எல்லாரும் ஓம் என்று எழுதும்வரை பார்த்திருந்து, பிறகு தானும் ஓம் என்று எழுதினார். ஊர்க் குளங்களில் தண்ணீர் பிரிக்கிற விதானைமாரை நினைத்து ரஜனி அவரை விதானை என்று கூப்பிடத் தொடங்கினாள்.

அக்கா வைத்த சட்டம் ஒன்றுதான். எல்லாரும் சொல்லாமல் ஒன்றும் முடிவில்லை. பேசுகிற பெட்டியில் ஒரு தடவை கேட்பார். பிறகு கேட்கமாட்டார், நெருக்கமாட்டார், மற்றவர்களையும் நெருக்கவிடமாட்டார். இருந்து பார்ப்பார். தலைவிக்கு மற்றவர்களுக்காகத் தானே பொத்தானை அமத்துகிற உரிமையை விளையாட்டு கொடுத்திருந்தது. அக்கா அதை ஒருநாளும் தொட்டதில்லை. ஒட்டுசுட்டான் தாண்டினால் காட்டுக்குள் சிக்னல் போய்விடும். கேள்வி ஒன்று நிலுவையில் இருக்கிற நாட்களில் எல்லாரும் போனை மடியில் வைத்துக்கொண்டு பாலைமரங்களைப் பார்த்தபடி இருப்பார்களாம். நெடுங்கேணி கிட்டத்தான் மணிச்சத்தங்கள் ஒவ்வொன்றாக வரும். நான் அங்கே ஏறும்போது பஸ்ஸே ஏதோ பரீட்சை முடிவு பார்ப்பதுபோலக் குனிந்திருக்கும்.

மற்ற அயல்கள் எங்களைவிட வேகமாக வளர்ந்தன. அங்கே தலைவர் சொன்னால் சரி. எங்களுடையது பின்தங்கியே கிடந்தது. ஆனாலும் ஒருத்தியும் விட்டுப் போகவில்லை. வீட்டிலோ தொழிற்சாலையிலோ எங்களிடம் ஆர் கேட்டார்கள்? அங்கே கேட்டார்கள். பின்னாளில் நான் என் புருஷனைக் கட்டுவதற்கு முன் வீட்டில் என்னிடம் கேட்டதைவிட, கச்சான் போடவா சோளம் போடவா என்று அந்த அயலில் என்னிடம் கூடுதலாகக் கேட்டார்கள்.

பிறகு ஒரு பிள்ளை கல்யாணம் முடித்து வேலையை விட்டாள். விளையாட்டையும் விட்டாள். அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. நாங்கள் அயலின் கதவைச் சாத்திவைக்கத் தெரியாமல் விட்டதால் விளையாட்டே அந்த இடத்தை எங்கேயோ இருக்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இலக்கங்கள். படம் ஒரு மீன்கொத்தி. வணக்கம் எழுதினோம். பதில் இல்லை. ஆரென்று கேட்டோம். பெருவிரலை உயர்த்திய ஒரு படம் வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

விலக்குவோம் என்றாள் ரஜனி. வந்த ஆளைப் போகச் சொல்வதென்றால் எல்லாரும் சொல்லவேண்டும், அந்த ஆளும் சேர்த்து என்றார் அக்கா. அதோடு அந்தக் கதை நின்றது.

மீன்கொத்தி நல்ல ஆள்தான். என்ன கேட்டாலும் பெருவிரலைக் காட்டும். பேசாது. ஆனால் ஒருவருடைய வயல் காயத் தொடங்கினால் தன் பங்குத் தண்ணீரில் இருந்து அனுப்பிவிடும். கேட்காமலே அனுப்பும். எனக்குக் காய்ச்சல் வந்து சில நாள் விளையாடாமல் கிடந்தபோது, என் பயிர் காயும் என்று நினைத்துத் திறந்தால் பச்சையாக நின்றது. மீன்கொத்தி தண்ணீர் விட்டிருந்தது.

அக்காவில் மாற்றம் வந்தது அந்த நாட்களில்தான். முன்பெல்லாம் போனைத் திறந்ததும் தன் வயலைப் பார்ப்பார். இப்போது முதலில் மீன்கொத்தியின் வயலைப் பார்த்தார். அங்கே என்ன போட்டிருக்கிறது, என்ன முளைத்திருக்கிறது என்று ஆருக்கும் இல்லாமல் சொல்லுவார். தொடக்கத்தில் எங்களைப்போல அவரும் அது என்றுதான் சொன்னார். பிறகு ஒருநாள், "அவன் இண்டைக்கு எள்ளு விதைச்சிருக்கிறான்," என்றார். நான் ரஜனியைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருசம் உண்மையிலேயே மழை பொய்த்தது. எங்கள் பக்கத்துக் குளங்கள் சேறாகிக் கிடந்தன. சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று அப்பா வயலை விட்டுவிட்டார். அதே காலத்தில் விளையாட்டிலும் ஒரு வரட்சி வைத்தார்கள். பாதிக் குளம்தான் நிரம்பும். அயலில் ஒருசிலர் விதைக்காமல் விட்டால்தான் மற்றவர்கள் தப்பலாம். ஆர் விடுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் தங்களைப்பற்றிச் சொல்லவேண்டும். நான் விதைக்கவில்லை என்று எழுதினேன். ரஜனி விதைப்பேன் என்று எழுதினாள். ஒவ்வொருவராக எழுதினார்கள். மீன்கொத்தி பெருவிரலைக் காட்டியது.

விதைக்கிறதா, விடுகிறதா? பெருவிரலில் அது தெரியவில்லை. அக்கா ஒரு தடவை கேட்டுவிட்டார், இனிக் கேட்கமாட்டார். போகம் தொடங்குகிற நாள் வந்தது. ரஜனி பஸ்ஸில் எழுந்து வந்து அக்காவுக்கு முன்னால் நின்று, துருசைத் திறக்கச் சொல்லி மன்றாடினாள். பெருவிரல் என்றால் ஓம்தானே என்றாள். அந்த ஆள் விதைத்தாலென்ன விட்டாலென்ன, நாங்கள் எல்லாரும் சொல்லிவிட்டோம் என்றாள். அக்கா போனைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது நேரம் முடிந்துவிட்டது. ஒருத்தருக்கும் தண்ணீர் இல்லை. பின்னேரம் திறந்து பார்த்தபோது எல்லாருடைய வயலும் பழுப்பாகிக் கிடந்தது.

வெறும் விளையாட்டுத்தான். ஆனாலும் அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரும் அக்காவோடு பேசவில்லை. ரஜனி அழுதாள். மாதக்கணக்காக அவள் வளர்த்த வயல் அது. கடைசியில் அவள்தான் பின் இருக்கையில் இருந்தபடி கேட்டாள், ஒரு ஊமைக்காக எங்கள் எல்லாரையும் காயவிட்டது ஏன் என்று.

அக்கா திரும்பாமலே சொல்லத் தொடங்கினார். கடைசிச் சண்டைக்காலத்தில் அவர்கள் முல்லைத்தீவுக் கரையில் மண்ணில் வெட்டிய ஒரு பங்கருக்குள் இருந்தார்கள். தாய், அக்கா, தம்பி, இன்னும் இரண்டு குடும்பம். தம்பி உயர்தரம் படிக்கிற வயது. குடிக்கத் தண்ணீர் இல்லையென்று கானை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில், பாதை திறந்திருக்கிறது, சனம் போகிறது, இப்போது போகாவிட்டால் பிறகு ஏலாது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். நிற்பதா போவதா என்று பங்கருக்குள் எல்லாரும் ஆளையாள் கேட்டார்கள். தாய் அழுதுகொண்டிருந்தார். தம்பி பின்னால் வந்துவிடுவான், அவன் பெடியன், ஓடுவான் என்று ஆரோ சொன்னார்கள். கடலேரிக்குள் இறங்கி மறுகரைக்குப் போனார்கள். தம்பி வரவில்லை. செத்தான் என்று கண்டவர்களும் இல்லை, இருக்கிறான் என்று கண்டவர்களும் இல்லை.

"எல்லாரும் போவம் எண்டு சொன்னவை," என்றார் அக்கா. "நானும் சொன்னனான். அவன் மட்டும்தான் சொல்லேல்லை."

அக்காவின் தாய் மகனின் படத்தோடு, காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரக் கொட்டகையில் மற்றத் தாய்மாரோடு போய் இருக்கிறவர் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார், தான் இருக்கமாட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

அடுத்தநாள் வேலையில் ரஜனி என் காதுக்குள் சொன்னாள், அக்கா அந்த மீன்கொத்தியைத் தம்பி என்று நினைக்கிறா என்று. எனக்கும் அது தெரிந்திருந்தது. தண்ணீருக்குப் போன பிள்ளை. இங்கே ஒருவர் வாய் திறக்காமல் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருக்கிறார். வேறு ஒரு அடையாளமும் இல்லை. ஆனால் அக்காவுக்கு அதுவே காணும்போல. பைத்தியம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஏதோ ஒன்று இருந்தது. என் சின்னம்மா இன்றைக்கும் தெரியாத இலக்கத்தில் இருந்து போன் வந்தால் முதலில் மகனின் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்.

அந்தக் கிழமையே அக்கா தன் சட்டத்தைத் தானே மீறினார். பேசுகிற பெட்டியில், எல்லாரும் பார்க்க, மீன்கொத்தியின் படத்தைப் போட்டு இரண்டாம் தடவை கேட்டார். விதைப்பைப்பற்றி அல்ல.

"தம்பி, நீ எங்க இருக்கிறாய்?"

எங்கள் எல்லாருடைய போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. வாசித்துவிட்டு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதில் மறுநாள் காலை, காடு முடிந்து சிக்னல் வந்தபோது வந்திருந்தது. முதன்முதலாக மீன்கொத்தி எழுதியிருந்தது. நிறைய எழுதியிருந்தது. எல்லாம் சிங்கள எழுத்து.

எங்களில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. அக்கா வழி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்த்தால் விளங்கிவிடும் என்பதுபோல. தேநீர் நேரத்தில் ரஜனி எங்கள் லைன் மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். அநுராதபுரத்துப் பெடியன், நல்ல சுபாவம், கொஞ்சம் தமிழ் பேசுவான். அவன் அக்காவின் போனை வாங்கி வாசித்தான். சிரித்துக்கொண்டே தொடங்கினான், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"இது ஒரு பொம்பிளை," என்றான். "தமிழ் தெரியாது சொல்றாங்க. படம் பாத்துத்தான் வெளையாடுறது. நீங்க எல்லாம் பேசறது ஒண்ணும் வெளங்காது. ஆனா இந்த எடம் நல்லா இருக்கு, சண்டை இல்லை, அதனால போகல்ல சொல்றாங்க. இப்ப என்னோட படம் போட்டு ஏதோ எழுதியிருக்கு, போகச் சொல்றீங்களா கேக்கிறாங்க."

எங்கே இருக்கிறாராம் என்று அக்கா கேட்டார். கேட்ட கேள்விக்கு அவர் பதிலை எதிர்பார்த்தார்.

அவன் திரும்ப அந்த எழுத்துக்குள் தேடிப் பார்த்து ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். நெடுங்கேணிக்குக் கிழக்கே, காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். எங்கள் வீட்டில் இருந்து ஒரு பறவை ஒரே மூச்சில் பறக்கிற தூரம்.

அக்கா போனைத் திருப்பி வாங்கினார். "அதுக்கு முந்திப் பேர் வேற," என்றார். "அம்மான்ர சீதன வயல் அங்கதான்."

மெக்கானிக் பெடியன் தன் வேலைக்குத் திரும்பிப் போனான். அந்த வயல் அக்காவின் நினைவில் இல்லை. அவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் அங்கிருந்து எழும்பி ஓடிவந்தது. இப்போது அங்கே பிறகு குடியேற்றின வேறு ஆட்கள் விதைக்கிறார்கள். அதெல்லாம் எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் போனுக்குள் அப்படி வரும் என்று ஆர் நினைத்தது?

நான் நினைத்தேன், அக்கா அன்றைக்கே அந்தப் பெண்ணை விலக்கிவிடுவார், இல்லாவிட்டால் தானே விட்டுப் போய்விடுவார் என்று. இரண்டும் நடக்கவில்லை. பின்னேரம் பஸ்ஸில் ஏறி இருந்ததும் பேசுகிற பெட்டியில் எல்லாரிடமும் கேட்டார், மீன்கொத்தி இருக்கலாமோ என்று. விதானை கேட்கிற மாதிரியே கேட்டார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

நான் ஓம் என்று எழுதினேன். ஒவ்வொருத்தியாக எழுதினார்கள். ரஜனி இரண்டு நாள் எடுத்தாள். அவளுடைய தமையனும் திரும்பி வராதவன். இல்லை என்று எழுதி, அனுப்பமுன் அழித்து, பிறகு ஓம் என்று எழுதியதை நான் பக்கத்தில் இருந்து கண்டேன். கடைசியில் எல்லாரும் சொல்லியாயிற்று. மீன்கொத்தியும் ஏதோ விளங்கியதுபோலப் பெருவிரலைக் காட்டியது.

அக்கா மட்டும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வருவார். முன்போலவே பிந்தி வருகிறவளுக்காக இறங்கி நிற்பார். சம்பலை நீட்டுவார். ஆனால் போனை வெளியே எடுக்கமாட்டார். நாங்கள் அவரிடம் கேட்கவுமில்லை. ஒரு தடவை கேட்டால் காணும் என்பது அவர் வைத்த சட்டம்தானே. கிழமைகள் போயின. முடிவு இல்லாதபடியால் மீன்கொத்தி இருந்தாள். துருசு திறக்க வேண்டிய நாளில் அக்கா ஒரு நிமிடம் விளையாட்டுக்குள் வந்து திறந்துவிட்டுப் போவார். மீன்கொத்தி எல்லாருக்கும் தண்ணீர் அனுப்பினாள். அக்காவின் வயலுக்கும் அனுப்பினாள். அக்காவின் வயலில் ஒன்றும் விதைத்திருக்கவில்லை. வெறும் மண் ஈரமாகிக் கிடந்தது.

பிறகு அக்காவின் தாய் படுக்கையில் விழுந்தார். அக்கா வேலையை விட்டுவிட்டு, தாயைக் கூட்டிக்கொண்டு கொக்கிளாய்ப் பக்கம் மாமன் வீட்டுக்குப் போய்விட்டார். போகமுன் தலைவி பொறுப்பை எல்லாரும் சொன்னபடி ரஜனிக்குக் கொடுத்தார். அயலை விட்டு மட்டும் போகவில்லை. அவருடைய இடம் அப்படியே இருந்தது. கேள்வியும் அப்படியே இருந்தது.

எனக்கும் கல்யாணம் முடிந்து, மகள் பிறந்து, நானும் வேலையை விட்டேன். ஆனாலும் விளையாட்டை விடவில்லை. இன்றைக்கும் அயலில் இருக்கிறேன்.

போன வருசம் மகளை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பும்போது பஸ் நிலையத்தில் அக்காவைக் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தார். முன்மயிர் நரைத்திருந்தது. தாய் மாரிகாலத்தில் மோசம்போய்விட்டார் என்றார். கடைசிவரை மகனைத்தான் கேட்டவராம். அக்கா எங்கள் பஸ்ஸில் வந்த ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி விசாரித்தார். மாதமாக இருந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டு குழந்தைகள் என்றதும் சிரித்தார். மகளுக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தார். மீன்கொத்தியைப்பற்றி மட்டும் கேட்கவில்லை.

நானே சொன்னேன், அந்த மனிசி இன்னும் இருக்கிறா, இப்போது நாலைந்து தமிழ்ச் சொல் எழுதுவா என்று. அக்கா தலையை ஆட்டினார். அவர் வாயால் சொல்லாமல் தலையை ஆட்டி நான் கண்டது அதுதான் முதற்தடவை.

"நீங்கள் இன்னும் பதில் போடேல்லை, அக்கா," என்றேன். "ஓம் எண்டோ இல்லையெண்டோ ஒருக்காப் போட்டுவிட்டால் என்ன?"

கொக்கிளாய் பஸ் வந்து நின்றது. அக்கா பையைத் தூக்கித் தோளில் போட்டார்.

"எதைப் போட்டாலும் அது அந்த மனிசியாப் போயிடும், பிள்ளை," என்றார். "போடாமல் இருக்குமட்டும் அவன்தான்."

ஏறிப் போய்விட்டார். நான் வெயிலுக்குள் நின்றேன். ஐஸ்பழம் கரைந்து மகளின் கையெல்லாம் ஒழுகியது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஆர் அம்மா அது?" என்று கேட்டாள். அக்காவைக் கேட்கிறாளா, அக்கா சொன்ன ஆளைக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கட அயலில இருக்கிற ஆள்," என்றேன்.